ஞாயிறு காலை ரயிலுக்கு யார்?

அக்காவுக்கு வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னபோது, கூட யார் போவது என்பதுதான் எங்களுக்கு முதலில் வந்த கேள்வி. நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். நினைத்தபடி லீவு கிடைக்காது. அக்காவின் கணவர், எங்கள் அத்தான், தலைமன்னார்ப் பாதையில் ரயில் கார்ட். தனியே போய் வந்த முதல் நாளே அக்கா பஸ் நிலையத்தில் மயங்கி விழுந்தாள். இனி அத்தான் கூட வராவிட்டால் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். போகாவிட்டால் என்ன ஆகும் என்பது எங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கார்ட்மாரின் கடமைப் பட்டியலை எழுதுபவர் ஒரு கிளாக்கர் ஐயா. பெரிய தாள், பென்சில், அழிறப்பர், அவ்வளவுதான் அவருடைய ஆயுதங்கள். "அந்த ரெண்டு நாளும் சேத்துத் தர ஏலாது" என்று அத்தானிடம் கையை விரித்துவிட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நேரே அவருடைய கந்தோருக்குப் போய்ப் பட்டியலைப் போனில் படம் எடுத்தேன்.

"பாருங்கோ ரீச்சர். வழி இருந்தா எனக்கும் காட்டுங்கோ" என்றார். நக்கல் என்றுதான் நினைத்தேன்.

கம்பஸில் நான் படித்தது இந்த வகைக் கணக்குத்தான். நிபந்தனைகளைச் சமன்பாடுகளாக எழுதிக் கொடுத்தால், அவை எல்லாவற்றுக்கும் பொருந்துகிற நல்ல ஒழுங்கைக் கணினி தேடித் தரும். ஒன்பது கார்ட்மார், ஒரு வாரத்து ரயில்கள். இறங்கிய இடத்திலிருந்துதான் அடுத்த ரயிலில் ஏறலாம், நடுவில் போதிய ஓய்வு வேண்டும். கேட்கச் சின்ன விசயம். ஆனால் ஆட்களை மாற்றி மாற்றிப் போடக்கூடிய வழிகளை எண்ணத் தொடங்கினால் ஆயுள் காணாது.

கோப்பையில் ஊற்றிய பிளேன்ரீ ஆறுவதற்குள் விடை வந்தது. அப்படி ஒரு பட்டியல் இல்லை.

கண்டுபிடிக்க முடியவில்லை என்பதல்ல. எத்தனை கோடி வழி இருந்தாலும் அதில் ஒன்றுகூடச் சரிவராது என்று கணினி நிரூபித்திருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதைவிடப் பெரிய பிரமிப்பு, இதே முடிவுக்கு ஒரு மனிதர் பென்சிலோடு வந்து சேர்ந்திருந்ததுதான். அவரைத்தான் நான் சோம்பேறி என்று வீடு முழுக்கத் திட்டித் திரிந்தேன்.

சட்டத்தில் உள்ளவற்றைத் தொடாமல், மற்ற நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்த்தேன். இல்லை, இல்லை என்றே வந்தது. கடைசியில் ஒன்றை எடுத்ததும் பட்டியல் பொலபொலவென்று வந்து விழுந்தது. செவ்வாயும் வெள்ளியும் அத்தானுக்கு வீடு. மற்றவர்களில் ஒருவருக்கும் வேலை கூடவில்லை. நான் கதிரையை விட்டு எழும்பி, ஏனென்று தெரியாமல் அறைக்குள் நடந்தேன்.

எடுத்துவிட்ட நிபந்தனை இதுதான்: ஞாயிறு காலை ரயில் எப்போதும் ஒரே கார்டுக்கு. அவர் எங்கள் தீவுக்கு அப்பால் பெருநிலப்பரப்பில் வயல் செய்யும் ஓர் இந்துக் குடும்பத்து ஆள். மற்ற எட்டுப் பேரும் எங்களைப் போல வேதக்காரர், கத்தோலிக்கர். ஞாயிறு காலை அவர்களுக்குப் பூசை.

இது எந்தச் சட்டத்திலும் இல்லை. வருசக்கணக்காக அந்தக் கட்டத்தில் அவர் பெயரே இருந்ததால், விதி என்று நானே கணினிக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். ஞாயிறு பூசை நேரத்தில் எங்களில் ஒருவர் ரயிலில் நிற்கலாம் என்பது கத்தோலிக்க ஊரான தோட்டவெளியில் பிறந்த என் மண்டையில் ஏறவேயில்லை. கிளாக்கர் ஐயாவும் எங்கள் கோயில்காரர்தான். தன் முதுகு தனக்குத் தெரியாது.

"அப்ப ஞாயிறு நான் போறன். சனி பின்னேரப் பூசைக்குப் போனாக் காணும்தானே" என்றார் அத்தான்.

கிளாக்கர் ஐயா புதுப் பட்டியலைக் கட்டம் கட்டமாகச் சரிபார்த்தார். "ஓம், வருது" என்றார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டார். "இருங்கோ ரீச்சர். இதை எப்பிடிப் பிடிச்சனீங்கள் எண்டு சொல்லுங்கோ."

அந்த ஞாயிறு ரயில் கார்டிடம் அத்தானோடு நானும் போனேன். உதவி கேட்கப் போகிறோம் என்றுதான் நினைப்பு. அக்காவின் நிலையைச் சொன்னதும், "செவ்வாயும் வெள்ளியும் நான் பாக்கிறன், அதுக்கென்ன" என்றார்.

"பதிலுக்கு ஞாயிறு நீங்கள் வீட்டில நிக்கலாம்" என்றார் அத்தான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒவ்வொரு ஞாயிறுமோ?"

"ஓம்."

"என்ரை சின்னவள் பிறந்ததில இருந்து ஒரு ஞாயிறும் நான் வீட்டில நிண்டதில்லை. கேட்டா மாத்தலாம் எண்டு எனக்குத் தெரியாது."

அவர் பெயரை விதி என்று எழுதியது என் கைதான்.