சீல் விழுந்த இடம்

"சீல் இல்ல சார்" என்று ஸ்வர்ணா போனில் சொல்கிறார். தமிழிலும் கன்னடத்திலும் அதற்கு ஒரே உச்சரிப்பு. மாநில எல்லையின் எந்தப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனாக இருந்தாலும் அந்த ஒரு வாக்கியம் போதும். "சீல் போட்டு ஆபீஸ் மெயில்ல அனுப்புங்க. இதை வெச்சு நான் யார் பேரையும் தர முடியாது." போலீஸ்காரர் கத்துவது பக்கத்து நாற்காலியில் இருக்கும் எனக்கே கேட்கும். இவர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான்.

நாங்கள் வேலை பார்க்கும் கம்பெனியின் பெயரைச் சொல்லக் கூடாது. இணையத்தில் போலிக் கணக்கு தொடங்கியவன் யார் என்று போலீஸ் கேட்டு எழுதும் கடிதங்கள் எங்கள் மேசைக்குத்தான் வரும். சரியாக இருந்தால் பெயரைக் கொடுப்போம். ஒரு எழுத்து குறைந்தாலும் திருப்பிவிடுவோம். "ஒரு தடவை பாவம் பாத்து, அக்கவுண்ட் லிங்க் பாதிதான் இருந்துச்சு, அதை வெச்சே பேரைக் குடுத்துட்டேன். சம்பந்தமே இல்லாத பையனைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்பார் ஸ்வர்ணா. அந்தப் பையனின் பெயரை மட்டும் என்னிடம்கூடச் சொன்னதில்லை.

வயது நாற்பத்தாறு. ஸ்ரீராம்புரத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். என்ன வேலை என்று கேட்டால் "கம்ப்யூட்டர்ல" என்பார். வேலையைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாதென்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். நானாவது வீட்டில் பொய் சொல்லிச் சமாளிக்கிறேன். இவருக்குப் பொய் வராது. கல்யாணம் காட்சிக்குப் போவதையே விட்டுவிட்டார். அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் கீழ்வீட்டு லட்சுமம்மா படியில் மறித்திருக்கிறார். யாரோ ஒருவன் அவர் மகள் சுப்ரியாவின் படத்தை அசிங்கமாக மாற்றிப் போலிக் கணக்கில் போட்டுவிட்டு, கணக்கையும் மூடிவிட்டான். "இருபது நாளா பொண்ணு காலேஜுக்குப் போகல ஸ்வர்ணா. அந்தக் கம்பெனிக்காரங்க பேரு குடுக்க மாட்டேங்கறாங்களாம். உனக்கு அங்க யாரையாச்சும் தெரிஞ்சா ஸ்வல்ப, கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்."

"யாரையும் தெரியாதுக்கா" என்றாராம் இவர். சீல் இல்லையென்று அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பியதே இவர்தான்.

தெரிந்தவர் விவகாரத்தைத் தொடக் கூடாது என்பது ஆபீஸ் விதி. மறுநாள் ஃபைல் என் பக்கம் வந்தது. மூடிய கணக்கின் தகவலைக் காலவரம்பு தாண்டி வைத்திருக்கக் கூடாது என்பது கம்பெனியின் அந்தரங்கப் பாதுகாப்பு விதி. இந்தக் கணக்கின் தகவல் அழிய இன்னும் ஆறு நாள் இருந்தது. இரண்டாவது கடிதம் வந்தது. இந்த முறை சீல் இருந்தது. ஊதா மையில், வட்டமாக, கணக்கின் லிங்க்கில் கடைசி எழுத்துகள் மேலேயே குத்தியிருந்தார்கள். எப்படிப் பெரிதாக்கிப் பார்த்தும் படிக்க முடியவில்லை.

"சீல் இருக்கா?" என்று மட்டும் கேட்டார் ஸ்வர்ணா.

"இருக்கு" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கும் அனுமதி இல்லை. நானும் திருப்பி அனுப்பினேன்.

மூன்றாவது கடிதத்தில் குறையே இல்லை. ஆனால் அது ஏழாம் நாள் வந்தது. 'பதிவுகள் இல்லை' என்று நான் டைப் அடித்து முடிக்கும்வரை அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் ஸ்கூட்டரில் அவரை வீட்டில் இறக்கிவிட்டேன். லட்சுமம்மா வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்வர்ணா வாசல் கேட் அருகே குனிந்து செருப்பைக் கழற்றினார். இரண்டையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் படியேறினார்.