பச்சைத்தண்ணீர் ஒளிர்ந்த மத்தியானம்

“உன் மிஷினு பொய் சொல்லுது யம்மா!” என்று கன்னியம்மா அக்கா எங்கள் லேப் வாசலில் நின்று கத்தியபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தச் சிரிப்புக்காக இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

புதுச்சேரியில் உணவுப் பரிசோதனை லேப் ஒன்றில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். மீன் என் பிரிவு. பாகூர்ப் பக்கம் நெல் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். சூரைக்கும் கானாங்கெளுத்திக்கும் வித்தியாசமே இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். இதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

சூரையின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. பிடித்ததும் ஐஸில் போடாவிட்டால் பாக்டீரியா அதை ஹிஸ்டமின் என்ற அமினாக மாற்றிவிடும். தின்றவருக்கு முகம் சிவக்கும், உடம்பெல்லாம் தடிக்கும், சிலருக்கு மூச்சு வாங்கும். மோந்து பார்த்தால் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. அதைக் கண்டுபிடிக்க மீனை அரைத்துச் சாறெடுத்து ஒரு என்சைமைச் சேர்ப்போம். ஹிஸ்டமின் இருந்தால் அங்கே ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். இன்னொரு என்சைமையும் லூமினால் என்ற ரசாயனத்தையும் விட்டால் நீல வெளிச்சம் வரும். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தைக்கூடக் கருவி அளந்து எண்ணாகக் காட்டிவிடும்; எண் எகிறினால் மீன் கெட்டது.

கன்னியம்மா அக்கா குருசுக்குப்பத்துக்காரர், சொந்தப் படகு வைத்திருப்பவர். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் இறக்கிய சூரையை முதல் தடவையாக ஓர் ஏற்றுமதிக் கம்பெனிக்குப் பேசியிருந்தார். ஆறு பெரிய பெட்டி, பெட்டிக்கு ஒரு மீன் சாம்பிள். பாஸானால் வருடம் முழுக்க அந்தப் படகின் மீனைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். ஃபெயிலானால் பேச்சே கிடையாது. மத்தியானம் ஆறுமே ஃபெயில், ரீடிங் எகிறிக் கிடந்தது. நான் கையெழுத்துப் போட்டுக் கம்பெனிக்கு ஃபோனிலும் சொல்லிவிட்டேன். அக்கா ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்.

“அக்கா, இத மூக்கால கண்டுபுடிக்க முடியாது,” என்றேன், ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

“மூக்க வுடு. ஏலத்துல நாங்க என்னா பண்ணுவோம் தெரியுமா? மொதல்ல வெறுங் கூடையத் தராசுல வெக்கச் சொல்லுவோம். முள்ளு எங்க நிக்கிதுன்னு பாத்துட்டுதான் மீனக் கொட்டுவோம். நீ வெறுங் கூடைய வெச்சிப் பாத்தியா?”

“காலையிலயே பாத்துட்டேன்க்கா.”

“காலையில வெச்ச கூடையும் இப்ப வெச்ச கூடையும் ஒண்ணா?”

எனக்குச் சுரீரென்றது. அவர் வெறுங் கூடை என்றதை நாங்கள் பிளாங்க் என்போம். மீனே இல்லாமல் வெறும் தண்ணீரை வைத்து எடுக்கிற ரீடிங். ஒவ்வொரு செட் டியூபுக்கும் அதைத் தனியாகப் போட வேண்டும். எங்கள் லேபிலோ காலையில் ஒன்று போட்டுவிட்டு நாள் முழுக்க அதையே வைத்து ஓட்டுவோம். அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்த மகராசி நான்தான்.

மத்தியானம் கழுவி வந்த டியூப் ஒன்றில் பச்சைத்தண்ணீரை ஊற்றி, எல்லாவற்றையும் சேர்த்து வைத்தேன். அது மீனைவிட அதிகமாக ஒளிர்ந்தது.

டியூப் கழுவும் அஞ்சலையிடம் ஓடினேன். “ஆடிட்டுக்கு ஆளு வராங்க, ஒரே கவுச்சின்னு சார் சொன்னாரேன்னு பிளீச்சிங் பவுடர்ல ஊற வெச்சேன்க்கா,” என்றாள். பிளீச்சிங் பவுடர் பட்டால் லூமினால் தானாகவே ஒளிரும்; ஹிஸ்டமினே தேவையில்லை. மீன் சாறு அதில் பாதியை அடக்கிவிடும், தண்ணீர் அடக்காது. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அதை அவளிடம் யாருமே சொன்னதில்லை.

லேப் மேனேஜர் சாரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். “இப்பவே கம்பெனிக்கு ஃபோன் போடு. உன் தப்புன்னு சொல்லாத, லேப் தப்புன்னு சொல்லு. கேட்டா நான் பேசிக்கிறேன்,” என்றார். அந்த மனிதருக்கு என்றைக்கும் நான் கடமைப்பட்டவள். மறு ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கக் கம்பெனி ஒத்துக்கொண்டது.

புது டியூப் பிரித்தேன். முதலில் பிளாங்க்; சுத்தமாக இருந்தது. பிறகு ஆறு சாம்பிளும். ஐந்து நல்ல மீன். மூன்றாம் பெட்டி மட்டும் எகிறியது. திரும்பப் போட்டேன், அதேதான். இவ்வளவு கூத்துக்குப் பிறகு இதைப் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்?

“அக்கா, அஞ்சு பெட்டி பாஸ். மூணாவது மட்டும் நெஜமாவே கெட்டிருக்கு. வெறுங் கூடையும் வெச்சிப் பாத்துட்டேன்.”

சண்டைக்கு வருவார் என்றுதான் நினைத்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. “மூணாவதா? அதுலதான் ஐஸு பத்தாம போச்சு. ஊட்டுக்குக் குடுத்தனுப்புனதும் அதுலேர்ந்துதான்,” என்றபடி ஃபோனை எடுத்தார். மறுமுனையில் அவர் மகள்.

“ஏ தேவி, காலையில குடுத்தனுப்புன சூரைய கொழம்பு வெச்சிட்டியா? ... தின்னியா? ... தின்னாதடி! வாயும் வயிறுமா இருக்கிற, வாயில வெச்சிடாத. அப்பிடியே கொண்டுபோயி குழி தோண்டிப் பொதச்சிடு. பூனைக்குக்கூடப் போடாத.”

ஃபோனை வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “நல்லவேள, எல வரைக்கும் வந்துட்டுதாம், தின்னல. ஆறும் கெட்டதுன்னு நீ சொன்னப்ப நான் ஒண்ணயும் நம்பல யம்மா. நம்பாமதான் ஊட்டுக்கு ஃபோனு பண்ணல.”

அதைக் கேட்டு நான் அங்கேயே அழுதுவிட்டேன். தப்பு ரிப்போர்ட்டால் ஒருவருக்கு வியாபாரம் போகும் என்று மட்டும்தான் அதுவரை நினைத்திருந்தேன். எல்லா மீனும் கெட்டது என்று நான் சொன்ன பொய், கெட்டுப்போன அந்த ஒரு மீனையும் நல்லதாக்கி தேவியின் இலையில் வைத்திருந்தது. அக்கா ஆட்டோ பிடித்து வந்து என்னோடு சண்டை போட்டிருக்காவிட்டால் அவள் அதைத் தின்றிருப்பாள்.