ஒரகடம் இல்லாமலும் ஓடும்

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து சந்தனமாரி ஒரகடத்துக்கு வந்தது, கார் சீட் செய்கிற கம்பெனியில் லைனில் நிற்பதற்காக. ஷிப்டுக்குப் போய்க்கொண்டே தபால் வழியில் பட்டம் வாங்கினாள். ஐ.டி. பிரிவுக்கு மாறினாள். நாளடைவில் கம்பெனியின் மெயில் சர்வர்கள் எல்லாம் அவள் பொறுப்பில் வந்து விழுந்தன. மெயில் ஓடிக்கொண்டிருக்கும்வரை அவள் பெயர் யாருக்கும் ஞாபகம் வராது.

ஒருமுறை நின்றது. நிறத்தை மாற்றி அனுப்பச் சொல்லி கார் கம்பெனி போட்ட மெயில் வந்து சேராமல், ஒரு லாரி நிறையத் தப்பான சீட் போய்த் திரும்பியது. இனி நிற்கவே கூடாது, அதற்கு வழி பண்ணு என்று மேலிடம் அவளிடம் சொன்னது.

அவள் உட்கார்ந்து திட்டம் போட்டாள். எல்லோருடைய மெயிலும் ஒரகடத்திலும் இருக்கும், பூனே தொழிற்சாலையிலும் இருக்கும். இங்கே எழுதுவது அந்த நொடியே அங்கேயும் பதிவாகிவிடும். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. நடுவில் நெட்வொர்க் லைன் அறுந்தால் இரண்டு பக்கமும் தான் மட்டுமே மிச்சம் என்று நினைத்துத் தனித்தனியே எழுத ஆரம்பித்துவிடும். பிறகு எது நிஜம் என்று பிரிக்க முடியாது. அதனால் கம்பெனியின் ஓசூர் ஆபீசில் ஒரு சின்ன சர்வரை வைத்தாள். அது கைகாட்டும் பக்கம்தான் ஓட வேண்டும், மற்றது ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

"அதையும் இங்கயே ஒரு மூலைல வெச்சுட்டா ஆகாதா மாரி?" என்று கேட்டார் மேலதிகாரி ஸ்ரீதர்.

"இந்த ரூம் போச்சுன்னா அதுவும் சேந்து போயிரும் சார்."

ஸ்ரீதர் நல்ல மனிதர். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சர்வர் ரூமின் பேட்டரி, ஏசி, ஜெனரேட்டரை எல்லாம் பார்த்துக்கொண்டது அருள்பாண்டி, கோவில்பட்டிக்காரர், கான்டிராக்ட் ஆள். மதியச் சாப்பாட்டில் அவளுக்கு ஒரு பங்கு வைப்பார். "ரூமே போனாலும் மெயில் ஓடுமாக்கும்?" என்று கேட்பார். "ஓடணும்ணே" என்பாள்.

அந்த டிசம்பர் மழையில் ஏரி உடைந்து வல்லம் வடகால் ரோடு முங்கியது. கம்பெனி பஸ் வரவில்லை. சந்தனமாரி சேரப்பணஞ்சேரி ஹாஸ்டலில் மாட்டிக்கொண்டாள். ஷிப்டு முடிந்தும் கம்பெனியை விட்டுப் போக முடியாத அருள்பாண்டி சர்வர் ரூமிலிருந்து போன் செய்தார்.

"தண்ணி பேட்டரி வரைக்கும் வந்துட்டு. என்ன செய்யட்டும்மா?"

"எதையும் காப்பாத்த வேண்டாம்ணே. மேல இருக்க மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு நீங்க வெளிய வந்துருங்க."

ஒரகடம் அணைந்தது. லேப்டாப் திரையில் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பூனே எழுந்து, ஓசூரைக் கேட்டு உறுதி செய்துகொண்டு, எல்லா மெயிலையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டது. தனக்கே ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தாள். வந்தது. கட்டிலில் உட்கார்ந்தபடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கம்பெனியில் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. அவ்வளவு சுத்தமாக நடந்திருந்தது. தெரிய வந்தது அடுத்த மாத மீட்டிங்கில். ஒரகடம் இல்லாமலே ஓடியதென்றால் ஒரகடத்தில் அந்த ரூம் எதற்கு என்று பூனேயில் யாரோ கேட்டிருக்கிறார்கள். இரண்டாவது பிரதியை ஹைதராபாத்தில் வாடகைக்கு எடுத்த இடத்தில் வைத்துக்கொள்ளலாமாம்.

"இன்னா பண்றது மாரி, மேலயே முடிவு பண்ணிட்டாங்க. மாத்துற வேலைய நீதான் பாக்கணும்" என்றார் ஸ்ரீதர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

எந்த ஊர் போனாலும் ஓட வேண்டும் என்றுதான் அவள் கட்டியிருந்தாள். போகிற ஊர் இதுவாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

அருள்பாண்டியின் கான்டிராக்ட் முதலில் முடிந்தது. பையை எடுக்க வந்தவரை கேட்டில் பிடித்தாள்.

"அண்ணே, நான் இப்படி ஆகும்னு..."

"நீ நல்லாத்தான் செஞ்சிருக்க" என்றார். "அன்னைக்குத் தண்ணிக்குள்ள நின்னவன வெளிய வாங்கன்ன. வந்தேன். திரும்ப உள்ள விடமாட்டாங்கன்னுதான் தெரியாமப் போச்சு."

ஒரு மெயில் தவறாமல் அவள் எல்லாவற்றையும் ஹைதராபாத்துக்கு மாற்றிக் கொடுத்தாள். அரைகுறையாகச் செய்ய அவளுக்கு மனசு வரவில்லை. அதற்காகத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. வேலை முடிந்ததும் பூனே ஆட்களே பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லி அவளை ஹெல்ப் டெஸ்குக்குப் போட்டார்கள். இப்போது லைன் சூப்பர்வைசர்கள் மறந்துபோன பாஸ்வேர்டை மாற்றிக் கொடுக்கிறாள். பிரிண்டரில் சிக்கிய பேப்பரை இழுக்கிறாள். சர்வர் ரூமில் சீட் துணி அடுக்கியிருக்கிறார்கள்.

அருள்பாண்டி தூத்துக்குடியில் ஏதோ குளிர்சாதனக் கிடங்கில் இருப்பதாகக் கேள்வி. இரண்டு மூன்று தரம் போன் போட்டாள். எடுக்கவில்லை. பிறகு அவளும் விட்டுவிட்டாள்.