வடாலா வழி

அந்தக் காலத்து அட்டை டிக்கெட் அம்மாவின் உள்ளங்கை வேர்வையில் ஊறி, ஓரம் மெத்தென்று ஆகிவிடும். அம்மாவுக்குப் படிப்பு கிடையாது. தாராவித் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது படித்த நான்தான் வீட்டில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டுகிறவள். டிக்கெட் வாங்கியதும் என்னிடம் நீட்டுவாள். "சரியா இருக்கான்னு பாருட்டி."

அந்த மழைக்காலம் முழுதும் அப்பா செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தார். தினமும் கஞ்சி எடுத்துக்கொண்டு மாஹிமில் ஏறி, வடாலாவில் வண்டி மாறிப் போவோம். அந்த வண்டி அடிக்கடி கிடையாது.

ஒருநாள் காலையில், உடனே வரச்சொல்லி முக்குக் கடைப் போனுக்குத் தகவல் வந்தது. ஓடினோம். டிக்கெட் வாங்கித் திரும்புவதற்குள் எங்கள் வண்டி போய்விட்டது. அடுத்த பிளாட்பாரத்தில் தாதர் போகும் வண்டி நின்றது.

"தாதர்ல மாறிக்கலாம்மா. சீக்கிரம் போயிரலாம்."

"டிக்கெட்டு ஒத்துக்கிடுமாட்டி?"

"செம்பூர்னுதான போட்டிருக்கு. எப்படிப் போனா என்ன?"

அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'வடாலா வழி' என்று இருந்தது. வாசிக்காமல் இல்லை. இடையில் வருகிற ஊரைச் சும்மா போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த வழிக்கு மட்டும்தான் அந்த டிக்கெட் செல்லும் என்று தெரியாது.

தாதர் பாலத்தில் டிக்கெட் பரிசோதகர் பிடித்தார். "யே வடாலா கா ஹை. இதர் நஹீ சலேகா." இது வடாலா டிக்கெட், இந்தப் பக்கம் செல்லாதாம். அபராதம் கட்டக் கையில் இல்லை. ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். அங்கே ஏற்கெனவே மாட்டியிருந்த நம்மூர்க்காரர் ஒருவர் சிரித்தார். "டிக்கெட் எடுக்காத நானும் இங்க, எடுத்த நீங்களும் இங்க. நல்ல நியாயம்லா, அக்கா!"

அம்மா "ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். ஹிந்தி தெரிந்த எனக்குப் பயத்தில் நாக்கு எழவில்லை. கடைசியில் அந்த மனுஷர்தான் சிரிப்பை விட்டு, ஹிந்தியில் எடுத்துச் சொன்னார். விட்டார்கள். ஒரு மணி நேரம் போயிருந்தது.

நாங்கள் போனபோது அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர், "இப்பத்தாம்மா. வாசலையே பாத்துக்கிட்டிருந்தாரு" என்றார்.

'துட்டி' கேட்டு, துக்கம் விசாரிக்க வந்த சனமெல்லாம் நாங்கள் ஏன் பிந்தினோம் என்று கேட்டது. "வண்டி லேட்டு" என்றாள் அம்மா. என்னைப் பார்க்கவில்லை. பெரியப்பா கேட்டபோதும் அதே சொல். பின்னால் என் பிள்ளைகள் கேட்டபோதும் அதே சொல். எங்கள் இருவருக்குள் அந்தப் பேச்சு ஒருதடவைகூட வந்ததில்லை.

இப்போது டிக்கெட் போனில் வருகிறது. வழியை இரண்டு தடவை வாசிக்காமல் நான் ஏறுவதில்லை. என் மகள் சிரிப்பாள். மாஹிமில் நிற்கும்போது சில நாள், பக்கத்தில், அன்று ஓடிவந்த அம்மா மூச்சு வாங்குவது கேட்கும். திரும்ப மாட்டேன்.

போன தை மாதம் அம்மா போய்ச் சேர்ந்தாள். காரியத்துக்கு வந்த அத்தை, அப்பாவின் தங்கை, என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கண்ணன் சாவுல அந்த வண்டி மட்டும் நேரத்துக்கு வந்திருந்தா..." என்று அழுதாள். எனக்காக மறைக்க இனி அம்மா இல்லை, சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"ஆமா அத்தை. வண்டி லேட்டு" என்றேன்.