வெண்ணாற்றில் புரண்ட பலகை

என் மருமகனுக்கும் எனக்கும் ஆகாது. அவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். போன ஆனியில் லீவுக்கு வந்தவர், தண்ணீர்மேல் நின்றுகொண்டே துடுப்புப் போடுகிற பலகைகள் இரண்டு கொண்டுவந்தார். சுருட்டி வைத்திருக்கிற பலகை, பம்பால் உள்ளே காற்றடைத்தால் கட்டை போல விறைத்துக்கொள்ளும்.

வெண்ணாற்றங்கரையில் என் நாற்றங்கால் இருக்கிறது. வாக்கப்பட்டு வந்த வருஷத்திலிருந்து நான் விதை விடுகிற மண். அதில் கொட்டகை போட்டு, தஞ்சாவூரிலிருந்து வருகிறவர்களை அந்தப் பலகைகளில் ஏற்றப் போகிறாராம். இடத்தை மகள் பேருக்கு மாற்றும் பத்திரத்தை டைப் அடித்தே கொண்டுவந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேனாவைத் திறந்து நீட்டினார்.

மகள் தரையைப் பார்த்தாள். மாட்டேன் என்றால் அவள் வீட்டில் சண்டை. அதனால் பலகைகளைப் பார்க்க வேண்டும் என்றேன்.

ஒன்று நீளம், ஒடுக்கம், நல்ல தடிமன். மற்றது குட்டை, அகலம். உள்ளே எவ்வளவு காற்றுக் கொள்ளும் என்று இரண்டிலும் லிட்டர் போட்டிருந்தது. எண் எனக்குத் தெரியும். ஒடுங்கியதில் முந்நூற்று இருபது, அகலமானதில் இருநூற்று எண்பது.

சின்ன வயதில் வெள்ளக்காலங்களில் வாழைத்தண்டில் தெப்பம் கட்டி ஆட்டுக்குட்டிகளை மேட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறேன். ஆறு தண்டை இரண்டு அடுக்காக அடுக்கினாலும் ஆறுதான், பக்கம் பக்கமாகப் பரப்பினாலும் ஆறுதான். இரண்டும் மிதக்கும். அடுக்கியது ஆளைத் தண்ணீரில் தள்ளும். இதை நான் அவருக்குச் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு.

"நீங்களும் என் எடைக்கு ஒரு பாரமும் அக்கரை போய்த் திரும்பணும், மாப்பிள்ளை. நனையாம வந்தா கையெழுத்துப் போடறேன். எந்தப் பலகை வேணுமோ எடுத்துக்குங்க" என்றேன்.

ஒடுங்கியதைத்தான் எடுத்தார். "லிட்டர் கூட இருக்கறதுதான் பாரம் தாங்கும், அத்தை. எழுதியிருக்கு, படிக்கத் தெரிஞ்சவங்க படிச்சுக்கலாம்."

அதுவரை இருந்த கொஞ்சம் இரக்கமும் அத்தோடு போயிற்று.

முழங்கால் வலியோடு என்னால் ஏற முடியாது. எனக்குப் பதிலாக, அன்று ஊறப்போட வைத்திருந்த விதைநெல் மூட்டையை ஏற்றச் சொன்னேன். ஊறினால் பருக்கும் என்று விதையை முக்கால் மூட்டைதான் கட்டுவோம். தளர்ந்த மூட்டை, சாய்ந்த பக்கமே சரியும். அதன் கழுத்தில் கிணற்றுக் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பூவரச மரத்தில் முடிந்தேன். கயிறு எதற்கு என்றார். விதையாயிற்றே, ஆற்றோடு போகலாமா என்றேன்.

நடு ஆற்றை எட்டவில்லை. இடப்பக்கம் துடுப்புப் போட்டார், பலகை சாய்ந்தது, நெல் அந்தப் பக்கமே ஓடியது. மூட்டை முதலில், மருமகன் பிறகு.

மகள் விதை விதை என்று பதறினாள். ஊறத்தானே போகிறது, கிடக்கட்டும் என்றேன்.

சேற்றோடு கரையேறியவர் அகலப் பலகையைக் காட்டினார். "இதுல போயிருந்தா கவிழ்ந்திருக்காது."

"கவிழ்ந்திருக்காதுதான். அதுல நீங்க ஏறியிருந்தா என் நெலம் போயிருக்கும். லிட்டரைப் பார்த்தீங்க, அகலத்தைப் பார்க்கலை."

பத்திரம் சட்டைப்பையிலேயே நனைந்திருந்தது. மறுநாளே அவர் ஊருக்குக் கிளம்பினார், சொல்லிக்கொண்டு போகவில்லை. நானும் வாசலுக்கு வரவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்துக் கரையேற்றிய மூட்டையில் மூன்றாம் நாள் விதை முளை கட்டியிருந்தது. அந்த மண்ணிலேயே விதைத்தேன்.