வலிக்கலைன்னு சொல்லு

காஞ்சிபுரத்தில் ஒரு மார்கழி மாலை. பயிற்சி முடிந்து வெளியே வந்த என் மகள் நிவேதா செருப்பு மாட்டக் குனிந்தாள். நிமிரும்போது இடுப்பின் பின்புறம் கை வைத்து ஒரு நொடி அப்படியே நின்றாள். அதை நான் பார்த்தேன். தெரியவில்லை என்று பிறகு பலரிடம் சொன்னேன். ஆனால் பார்த்தேன்.

அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. காவாந்தண்டலத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம் எங்களுடையது. ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் சர்க்கஸா என்று கேட்கிற ஊர். பள்ளியில் அவள் அடித்த குட்டிக்கரணத்தைப் பார்த்த உடற்கல்வி ஆசிரியர்தான் காஞ்சிபுரம் பயிற்சியாளரிடம் அனுப்பினார். ஐந்து வருடம் நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். மாவட்டப் போட்டியில் அவள் முதலாவதாக வந்த பிறகு உத்திரமேரூர் உரக்கடையில்கூட என்னை 'ஜிம்னாஸ்டிக் பொண்ணோட அப்பா' என்றார்கள். என் பெயரைவிட அது எனக்குப் பிடித்திருந்தது.

பொங்கலுக்குப் பிறகு வலி கூடியது. பின்பக்கமாக வளைந்து தரையில் கை ஊன்றும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பயிற்சியாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். "டாக்டர்கிட்ட காட்டுங்க. அதுவரைக்கும் பாப்பா பின்னாடி வளைய வேணாம்."

மாநில அணித் தேர்வுக்கு ஏழு வாரம்தான் இருந்தது. நான் டாக்டரிடம் காட்டவில்லை. மூன்று நாள் கழித்து, "காட்டிட்டேன் சார், சதைப் பிடிப்புதானாம்" என்றேன். மருந்துக்கடையில் வலி மாத்திரை கேட்டு வாங்கினேன். தினமும் வண்டியில் ஏறும் முன் ஒன்று கொடுத்தேன். அவள் அம்மா மல்லிகாவுக்கு அது தெரியாது.

"சார் கேட்டா வலிக்கலைன்னு சொல்லு. தேர்வு முடியட்டும், அப்பறம் ரெஸ்ட் எடுத்துக்கலாம்."

"சரி நைனா."

இரண்டே வார்த்தை. அவள் மறுத்துப் பேசியிருந்தால் நிறுத்தியிருப்பேன் என்பதுதான் இன்று எனக்குச் சொல்ல இருக்கும் ஒரே சாக்கு.

மாசியில் ஒருநாள் பயிற்சியின்போது மெத்தையில் குதித்தவள் முட்டி போட்டு உட்கார்ந்தாள். எழ முடியவில்லை. பயிற்சியாளரும் நானும் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம். மருத்துவமனை வராண்டாவில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவள் என்னைப் பார்த்து, "தேர்வு போச்சா நைனா?" என்று கேட்டாள்.

எலும்பு மருத்துவர் ஒரு பெண்மணி. எவ்வளவு நாளாக வலி என்று கேட்டார்.

"ரெண்டு வாரமா" என்றேன்.

நிவேதா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பொங்கலுக்கு முன்னாடியிலருந்து."

"அப்பாகிட்ட சொன்னியாம்மா?"

"இல்ல. சொல்லல."

"மாத்திரை ஏதாவது?"

"இல்ல."

எனக்காகப் பொய் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஸ்கேனில், கீழ் முதுகெலும்பில் இருபக்கமும் அழுத்த முறிவு (விழுந்து முறிவதல்ல, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுமை விழுந்து எலும்பில் ஏற்படும் விரிசல்) என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. மார்பிலிருந்து இடுப்பு வரை கெட்டியான பட்டை, மூன்று மாத ஓய்வு, அதன்பின் பிசியோதெரபி (பயிற்சிகளால் தசைகளைத் திரும்பப் பலப்படுத்தும் சிகிச்சை). "ஆரம்பத்துலயே நிறுத்தியிருந்தா சில வாரத்துல ஆறியிருக்கும்" என்றார் மருத்துவர். குற்றம் சாட்டும் குரலில் அல்ல, சாதாரணமாகத்தான் சொன்னார்.

பங்குனி வெயிலில் அந்தப் பட்டைக்குள் அவள் வெந்தாள். விலா ஓரத்தில் வேர்க்குரு பழுத்தது. மல்லிகா ஈரத்துணியால் துடைத்துவிடும்போது நான் வாசலுக்குப் போய்விடுவேன். விசாரிக்க வந்தவர்களிடம், "விளையாட்டுன்னா அடிபடத்தான் செய்யும்" என்றேன். அவர்களும் தலையாட்டினார்கள்.

இரண்டாம் முறை காட்டப் போனபோது மகளை வெளியே உட்காரவைத்துவிட்டு மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை, பயிற்சியாளரிடம் சொன்ன பொய், எல்லாம். அவர் எத்தனை நாள், என்ன மாத்திரை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் ஒரு பரிசோதனை எழுதினார். பிறகு, "எங்கிட்ட சொன்னது சரி. உங்க பொண்ணு இன்னும் உங்களைக் காப்பாத்திக்கிட்டு இருக்கா. இதை நீங்க அவ எதிர்ல சொன்னாத்தான் அது நிக்கும்" என்றார்.

அன்று சாயங்காலம் மல்லிகாவையும் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"நீயா குடுத்த? உன் கையாலயா?" என்றாள் மல்லிகா. அதற்குமேல் என்னிடம் பேசவில்லை. அந்த வாரம் முழுக்கப் பேசவில்லை.

நிவேதாதான் அழுதாள். ஸ்கேன் எடுத்தபோதுகூட அழாதவள். "ஏன்மா நீ டாக்டர்கிட்ட மறைச்ச?" என்று கேட்டேன்.

"நல்லா பண்ணலைன்னா வண்டில வூடு வர்ற வரைக்கும் நீ பேசவே மாட்ட நைனா. அதான் பயமா இருந்திச்சி."

நான் அவளை ஒருநாளும் அடித்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவன். காஞ்சிபுரத்திலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் என் முதுகைப் பார்த்துக்கொண்டு அவள் எத்தனை மாலை வந்தாள் என்று எனக்குத் தெரியாது.

பயிற்சியாளருக்குப் போன் செய்து சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "பாப்பா இப்ப நல்லா நடக்குறாளா?" என்றார்.

ஆனியில் பட்டை கழன்றது. ஒருபக்க விரிசல் ஆறிவிட்டது. மற்றது முழுதாக ஆறவில்லை. வலியில்லாமல் வாழலாம், பார்த்துப் போக வேண்டும் என்றார் மருத்துவர். போட்டிக்குத் திரும்புவதைப் பற்றி அவளையே கேட்டார். "வேணாம். சும்மா போய் பண்றேன்" என்றாள். இப்போது வாரம் இரண்டு நாள் அம்மாவோடு பஸ்ஸில் போகிறாள். "நீ வராத நைனா" என்றாள். நான் போவதில்லை.

உங்கள் பிள்ளைக்கும் இப்படி ஒரு வலி இருந்தால், வலிக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தப் பதில் உங்களுக்குப் பிடிக்கும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. என் மகளுக்குத் தெரிந்திருந்தது.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை பழையசீவரம் மலைக்கோயிலுக்கு நாங்கள் இருவரும் போனோம். அவள்தான் கூப்பிட்டாள். பாதிப் படியில் நின்றுவிட்டாள்.

"வலிக்கிது நைனா. உக்காரணும்."

நான் கேட்காமலே சொன்னாள். உட்கார்ந்தோம். கீழே பாலாற்று மணலில் ஒரு ஓரமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்களைத் தாண்டி ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். ஐந்து வருடமாக அவள் உடம்பை நான் நொடிக்கணக்கிலும், அடுத்த போட்டிக்கு இன்னும் எத்தனை வாரம் என்றும்தான் பார்த்திருந்தேன். அன்று எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று தெரியவில்லை. என் முழங்காலும் வலித்துக்கொண்டிருப்பதை வெகுநேரம் கழித்துத்தான் உணர்ந்தேன்.

"பசிக்கிது. எறங்கிடலாமா?" என்றாள்.

சாமி பார்க்காமலே இறங்கினோம். அவள் முன்னால் போனாள், ஒவ்வொரு படியாக. நான் அவள் வேகத்துக்கு நடந்தேன்.