ஏலத்தில் இரண்டாம் இடம்

இன்று ஆன்லைன் ஏலம். சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கையுறை தைத்துத் தரும் ஆர்டர். குறைந்த விலை சொல்பவருக்கே கிடைக்கும். அம்மாவின் தையல் யூனிட்டுக்காக மவுசைப் பிடித்திருந்தது நான்.

இன்னொரு கம்பெனி விலையைக் குறைத்தது. நானும் குறைத்தேன். அவர்கள் மறுபடி குறைத்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் கொறைக்கட்டுமாம்மா? நாமதான் ஃபர்ஸ்ட்டு!"

"வாணாம். இதுக்கு மேல கொறைச்சா மலரு கூலியிலதான் கைய வைக்கணும்."

பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த மலர் அக்கா பதறினார். "ஆர்டரே பூடுமேக்கா!"

"நீ தச்சிகினு இரு. வேற புடிக்கலாம்" என்று அம்மா மவுசை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்.

ஆர்டர் போய்விட்டது. எங்களுக்கு இரண்டாம் இடம். அம்மாவை நினைத்தால் அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

ஆனால் நான் வகுப்பில் இரண்டாம் ரேங்க் வாங்கினால் மட்டும் வீட்டில் ஏன் அத்தனை திட்டு? யாராவது அவரிடம் கேட்டுச் சொல்லுங்களேன்!